வீட்டில் நீச்சல் குளம்: அனுமதியும் பாதுகாப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் குளங்களுக்குப் பிளான் போடுவதும், அனுமதிக்கு விண்ணப்பிப்பதும், கட்டி முடித்த பிறகு வேலியையும் கேட்டையும் சோதித்துப் பார்ப்பதும் என் வேலை. என்னிடம் வருபவர்கள் டைல்ஸ் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். வேலி என்றதும் "அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தக் கடைசி நாள் பல வீடுகளில் வருவதே இல்லை. அதனால்தான் இந்தக் கேள்விகளை ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் சொந்த இடத்தில் குளம் கட்ட எதற்கு அனுமதி?

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 48 கன மீட்டர் தண்ணீர். கன மீட்டருக்கு 1 டன் வீதம் மொத்தம் 48 டன். அவ்வளவு எடை உங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் அருகே உட்காரப் போகிறது. அதோடு மின்சாரமும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. கழிவுநீர் எங்காவது போயாக வேண்டும். அப்புறம், சின்னக் குழந்தைகள் அங்கே போகாமல் தடுக்க வேண்டும். கட்டுமானம், மின்சாரம், வடிகால், வேலி என்ற இந்த நான்கையும்தான் அனுமதி கொடுப்பவர்கள் பார்க்கிறார்கள். சில ஊர்களில் நான்குக்கும் ஒரே விண்ணப்பம். வேறு சில ஊர்களில் நான்கு கதவுகளைத் தட்ட வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் முதல் நாளே நான்கையும் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

சின்னக் குளம்தான். அதற்கும் வேண்டுமா?

எது சின்னது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. பிரான்ஸில் பரப்பளவைப் பார்க்கிறார்கள்: பாதுகாக்கப்பட்ட பகுதிகள் நீங்கலாக, 10 சதுர மீட்டர் வரை பொதுவாக எதுவும் வேண்டாம். அதற்கு மேல் 100 சதுர மீட்டர் வரை கூரையில்லாத குளத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆனால் அங்கேயே தரையில் பதித்த குளம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பாதுகாப்புச் சாதனம் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் ஆழம்தான் கணக்கு: 300 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடித் தண்ணீர் நிற்கக்கூடிய எதற்கும் தடுப்பு வேண்டும். நியூசிலாந்தில் இது 400 மில்லிமீட்டர். அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதிகளில் 24 அங்குலம். ஆகவே உங்கள் ஊரில் அளவு எதை வைத்து என்று கேளுங்கள். அனுமதி வேண்டாம் என்றால் வேலியும் வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பத்தோடு என்னென்ன கொடுக்க வேண்டும்?

மனையின் எல்லைகள், வீடு, செப்டிக் டேங்க், கிணறு அல்லது போர்வெல் ஆகியவற்றிலிருந்து குளம் எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்று காட்டும் வரைபடம். ஆழம் எங்கே எவ்வளவு என்று காட்டும் குறுக்குவெட்டுப் படம். இன்ஜினியர் கையெழுத்திட்ட கம்பி, கான்கிரீட் விவரம், பெரும்பாலும் மண் பரிசோதனையோடு. பம்பும் ஃபில்டரும் எங்கே, தண்ணீர் எங்கே வெளியேறும், மின் இணைப்பு எப்படிப் போகும் என்ற விவரங்கள். முக்கியமாக வேலியின் படம், கேட் எந்தப் பக்கம் திறக்கும் என்பது உட்பட.

நிலத்தடியில் போகும் குழாய், கேபிள், தலைக்கு மேலே போகும் மின்கம்பி எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் "இந்தப் பக்கம் எந்த லைனும் கிடையாது, எனக்குத் தெரியும்" என்று உரிமையாளர் அடித்துச் சொன்னார். ஜேசிபியை நிறுத்தி வைத்துவிட்டு மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தோம். இரண்டடி ஆழத்தில் மஞ்சள் நிற எச்சரிக்கை நாடா தலைகாட்டியது. அதற்குக் கீழே உயிரோடு ஓடிக்கொண்டிருந்த மின் கேபிள். வீட்டை அவருக்கு விற்றவர் போட்டது, வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது.

"பெர்மிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் கான்ட்ராக்டர். விட்டுவிடலாமா?

விண்ணப்பத்தை அவர் போடலாம், தப்பில்லை. ஆனால் அனுமதிக் கடிதம் உங்கள் முகவரிக்கும் இதே பிளானுக்கும் கொடுக்கப்பட்டதா என்று குழி தோண்டும் முன் வாங்கிப் படித்துப் பாருங்கள். பிரச்சினை வந்தால் நோட்டீஸ் வருவது பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத்தான்.

அனுமதி இல்லாமல் கட்டிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

நீங்களாகவே போய்ச் சொல்வது நல்லது. அபராதம், இடிக்கச் சொல்லும் உத்தரவு, காப்பீட்டில் சிக்கல், வீட்டை விற்கும்போது தடை, இவை எல்லாமே நடக்கக்கூடியவை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் குளத்தோடு வீட்டை விற்கும்போது வேலியின் நிலை பற்றிய சான்றிதழ் கேட்கிறார்கள். பின்தேதியில் ஒப்புதல் கொடுக்க வழி இருக்கும் ஊர்களிலும் ஒரு கஷ்டம் உண்டு. கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று யார் சொல்வது? கட்டும்போது எடுத்த போட்டோக்கள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். இல்லையென்றால் கான்கிரீட்டைத் துளைத்துப் பார்க்கச் சொல்லலாம். இதெல்லாம் முடியும்வரை காத்திருக்காமல் வேலியை இன்றைக்கே போடுங்கள்.

ஆய்வாளர் எப்போதெல்லாம் வருவார்?

ஊருக்கு ஊர் மாறும். பொதுவாகக் குழி தோண்டியதும் ஒருமுறை, கம்பி கட்டி எர்த்திங் இணைப்பு கொடுத்ததும் கான்கிரீட்டுக்கு முன் ஒருமுறை, குழாய்களில் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போது ஒருமுறை, வேலி முடிந்ததும் ஒருமுறை. வேலி சோதனைக்குப் பிறகுதான் தண்ணீர் நிரப்ப வேண்டும். "தண்ணீர் விட்டு லீக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வேலி போடுகிறோம்" என்று சொல்வார்கள். தற்காலிக வேலியாவது இல்லாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

குழி தோண்டும் நாட்களில் என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. பக்கச்சுவர் சரிந்தால் உள்ளே இருப்பவருக்கு ஓட நேரம் இருக்காது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிப்படி, கெட்டிப் பாறை அல்லாத இடத்தில் 5 அடியும் அதற்கு மேலும் ஆழமான குழியில் சரிவு கொடுத்தோ முட்டுக் கொடுத்தோதான் ஆளை இறக்கலாம். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளிக் கொட்ட வேண்டும். எந்த ஊரிலும் இதைக் கடைப்பிடிப்பது நல்லது.

இன்னொன்று. ராத்திரி மழை பெய்தால் காலையில் அந்தக் குழியே வேலியில்லாத குளம். தோண்டும் முதல் நாளிலிருந்தே சுற்றித் தடுப்பு வேண்டும்.

வேலி எப்படி இருக்க வேண்டும்?

மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

உயரம்: ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குறைந்தது 1.2 மீட்டர், அமெரிக்க மாதிரி விதிகளில் 48 அங்குலம், ஏறக்குறைய அதே அளவுதான். பிரான்ஸில் 1.1 மீட்டர். கம்பிகளுக்கு நடுவிலும் வேலிக்குக் கீழேயும் உள்ள இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது ஆஸ்திரேலிய அளவு. சின்னக் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம். கம்பிகள் நெடுக்காக இருக்கட்டும். குறுக்குக் கம்பி என்றால் குழந்தைக்கு அது ஏணி.

வேலி குளத்தின் நான்கு பக்கமும் இருக்க வேண்டும். மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் வீட்டுச் சுவர் என்று விடுவது பலருக்கும் பழக்கம். ஆனால் மூழ்கும் குழந்தைகளில் பலர் வீட்டுக்குள்ளிருந்து, பின்கதவு வழியாகப் போனவர்கள். வீட்டையும் குளத்தையும் பிரிக்கும் நான்கு பக்க வேலி, மனையைச் சுற்றிய மூன்று பக்க வேலியைவிடக் குழந்தைகள் மூழ்கும் ஆபத்தை 83 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பெற்றோருக்குச் சொல்கிறது. ஒவ்வொரு வேலையிலும் நான் வாதாடுவது இந்த நான்காவது பக்கத்துக்காகத்தான்.

அடுத்தது கேட். குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். தாழ் விழாமல் நிற்கும் கேட்டின் மேல் குழந்தை சாய்ந்தால், அது திறக்காமல் மூடிக்கொள்ளும். தானாகச் சாத்த வேண்டும், தானாகத் தாழ் விழ வேண்டும். தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் சின்னக் கை எட்டாது.

சோதிப்பது எப்படி? கேட்டை முழுசாகத் திறந்து விட்டுப் பார்த்தால் வேகத்தில் எல்லாக் கேட்டும் சாத்திக்கொள்ளும். அது சோதனையே இல்லை. இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்து மெல்ல விடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த கீல் என்றால் கேட் தாழ்ப்பாளைத் தொட்டுக்கொண்டு, அதற்குள் விழாமல் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மூடியது போலவே தெரியும். ஒரு வீட்டில் அப்படி நின்ற கேட்டைச் சுண்டுவிரலால் இழுத்தேன், திறந்துகொண்டது. அந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. அன்றைக்கே கீலை மாற்றிவிட்டுத்தான் கிளம்பினோம்.

அலாரம் வைத்தால் போதாதா? மூடி?

பிரான்ஸில் 2003 ஜனவரியில் வந்த சட்டம் வேலி, மூடி, அலாரம், மேற்கூடு ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்கிறது. சட்டப்படி சரி. என் கருத்து வேறு. குழந்தை தண்ணீரில் விழுந்த பிறகுதான் குளத்து அலாரம் அடிக்கும். வேலி விழவே விடாது. பின்கதவிலும் குளத்திலும் அலாரம் வையுங்கள், ஆனால் வேலியோடு சேர்த்து.

மூடியில் இரண்டு வகை உண்டு, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாதுகாப்பு மூடி என்பது ஆள் ஏறினாலும் தாங்கும். அதற்கான அமெரிக்கத் தரம் 485 பவுண்டு, சுமார் 220 கிலோ தாங்கச் சொல்கிறது. இன்னொன்று, வெப்பம் போகாமலிருக்க மிதக்கவிடும் குமிழ்த் தாள். அது எதையும் தாங்காது. குழந்தை கால் வைத்தால் தாள் மடங்கி உள்ளே இழுக்கும், பிறகு மேலே விரிந்து மூடிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட உள்ளே ஆள் இருப்பது தெரியாது. குளத்தில் யாரும் இறங்கும் முன் அந்தத் தாளை முழுசாகச் சுருட்டி எடுத்துவிட வேண்டும், பாதி மூடி வைக்கக்கூடாது.

காற்றடைக்கும் குளத்துக்கும், தரைமேல் நிற்கும் குளத்துக்கும் இதெல்லாம் வேண்டுமா?

தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது. தரைமேல் குளத்தின் சுவர் 1.2 மீட்டர் இருந்தால் சில விதிகள் அதையே வேலியாக ஏற்கின்றன, ஏணியை எடுத்துவிடவோ பூட்டவோ முடிந்தால். ஆனால் சுவரை ஒட்டி வைத்த ஃபில்டர் பம்பு நல்ல படிக்கட்டு, அதைத் தள்ளி வையுங்கள். காற்றடைக்கும் குளத்தின் விளிம்பு மெத்தென்று இருப்பதால் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்துவிடும். விளையாடி முடிந்ததும் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

மொட்டை மாடியில் வைக்கலாமா?

குடியிருப்பு வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் பயன்பாட்டுச் சுமை தாங்கும்படி வடிவமைப்பது வழக்கம். 1 மீட்டர் ஆழத் தண்ணீர் மட்டும் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. ஐந்து மடங்கு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பழைய கட்டடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து எழுதிக் கொடுக்காமல், பிளாஸ்டிக் குளத்தைக்கூட மாடியில் நிரப்பாதீர்கள்.

மின்சாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சர்வதேச மின் தரம் குளத்தைச் சுற்றியுள்ள இடத்தை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. குளத்தின் உட்புறம் ஒன்று, விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை அடுத்தது, அதற்கப்பால் இன்னும் 1.5 மீட்டர் மூன்றாவது. உள்ளே போகப் போக விதி கடுமையாகும். தண்ணீருக்குள் எரியும் விளக்குக்குப் பொதுவாக 12 வோல்ட் மட்டும், அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் மண்டலங்களுக்கு வெளியே. பம்பு, விளக்கு லைன்களுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். கம்பிக்கூடு, கைப்பிடி, ஏணி, பம்பின் உலோக உடல் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துக் கட்ட வேண்டும். இந்த இணைப்பு கான்கிரீட்டுக்குள் போய்விடும் என்பதால், மூடும் முன் நீங்களே போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

தண்ணீரில் கை வைத்ததும் சுருசுருவென்று இருந்தால், அல்லது நீந்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அசைவில்லாமல் போனால், குதிக்காதீர்கள். முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதனால் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

குளத்தின் அடியில் உள்ள வடிகால் ஆபத்தானதா?

மூடி சரியில்லையென்றால் மிகவும். பம்பு இழுக்கும் வேகத்தில் தலைமுடியோ உடம்போ ஒட்டிக்கொண்டால் குழந்தையால் விடுவித்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி இப்படித்தான் வெந்நீர்த் தொட்டி ஒன்றின் வடிகாலில் சிக்கி இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அவளுடைய தாய் ஓயாமல் போராடினார். 2007இல் அவள் பெயரிலேயே வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் வந்தது. அங்கே விற்கும் வடிகால் மூடிகள் உடலைப் பிடித்து இழுக்காத வடிவில் இருக்க வேண்டும் என்றானது அதற்குப் பிறகுதான்.

உங்கள் பிளானில் ஒரு பம்புக்கு ஒற்றை வடிகால் என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு வடிகால்கள், குறைந்தது 3 அடி இடைவெளியில். ஒன்று அடைபட்டாலும் இழுவை மற்றதற்குப் போய்விடும். மூடி உடைந்தோ கழன்றோ தெரிந்தால் பம்பை நிறுத்திவிட்டு, மாற்றும்வரை யாரையும் இறக்காதீர்கள்.

குளோரின், ஆசிட் எல்லாம் எங்கே வைப்பது?

தனித்தனியாக, பூட்டிய, காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத இடத்தில். குளோரினும் ஆசிடும் கலந்தால் விஷவாயு வரும். இரண்டு வேறு வகைக் குளோரின்களைக் கலந்தால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும், இரண்டுக்கும் ஒரே கரண்டியைக்கூடப் பயன்படுத்தக்கூடாது. கரைக்கும்போது மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. குளத்துத் தண்ணீரில் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 வரையும், குளோரின் குறைந்தது 1 பிபிஎம்மும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யக் குளத்தை முழுசாகக் காலி செய்யலாமா?

யோசிக்காமல் செய்யாதீர்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் காலிக் குளம் படகு மாதிரி மேலே மிதந்து எழும்பும், சுவரும் குழாயும் பிளந்துவிடும். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். அந்தத் தண்ணீரை எங்கே விடலாம் என்பதற்கும் விதி உண்டு. குளோரின் கலந்த நீர் மழைநீர் வடிகால் வழியாக ஆற்றுக்குப் போனால் மீன்கள் சாகும்.

நாங்கள் எப்போதும் பக்கத்திலேயே இருப்போம். அப்படியும் இவ்வளவு வேண்டுமா?

மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை. சத்தமில்லாமல் போய்விடும். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. பல பேர் கூடியிருக்கும் நாளில், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைப்பார்கள். குளத்தில் குழந்தைகள் இருக்கும் நேரத்தில் பார்ப்பவர் யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கையில் போன் இருக்கக்கூடாது, நீந்தத் தெரியாத குழந்தை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் உயிர்காக்கும் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும், பிறகு மார்பில் அழுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பயிற்சியில் பொம்மை மேல் செய்து பழக வேண்டும்.

கட்டி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டோம். இனி ஏதாவது உண்டா?

நியூசிலாந்தில் வீட்டுக் குளத்தின் வேலியை 3 ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள். உங்கள் ஊரில் யாரும் வராவிட்டால் நீங்களே பாருங்கள். வேலி அப்படியே இருக்கும், அதைச் சுற்றியுள்ளவைதான் மாறும். பூந்தொட்டி வேலியோரம் நகர்ந்திருக்கும், செடி மரமாகிக் கிளை நீட்டியிருக்கும், யாரோ நாற்காலியை அங்கே போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஏறப் பயன்படும் எதுவும் வேலியிலிருந்து 900 மில்லிமீட்டருக்குள் இருக்கக்கூடாது. பந்து, மிதவை போன்றவற்றை மாலையில் தண்ணீரிலிருந்து எடுத்து வையுங்கள், குழந்தையை அங்கே இழுப்பவை அவைதான். கேட்டைத் திறந்து வைக்க யாராவது செங்கல் வைத்திருந்தால் அந்தச் செங்கல்லை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். அப்புறம் கேட்டை இரண்டு விரல் அகலம் திறந்து, மெல்ல விட்டுப் பாருங்கள்.